இறந்தவர் பெயரில் ஓர் இணைய முகவரி

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நீங்கள், என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "மேடம், டொமைன் பதிவு பண்ண எந்தக் கம்பெனியை நம்பலாம்?" பெயரைச் சொன்னால் குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நிற்கிறீர்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒழுங்காக நடக்கிற நிறுவனம் நாளைக்கு வேறொருவன் கைக்குப் போகும். அப்புறம் என் சிபாரிசை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்குப் பதிலாக நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற சங்கதி இல்லை. ஆனாலும் நான் போவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து இருபத்தைந்து வருடம் வெப்சைட் வேலை பார்த்தேன். தினமும் முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். தொடங்கிய காலத்தில் டொமைன் என்றால் என்ன என்று விளக்கவே பாதி நாள் போய்விடும். "உங்க கடைக்கு இன்டர்நெட்டுல ஒரு கதவு நம்பர் அண்ணாச்சி. கடை மெயிலும் அந்தப் பேர்லதான் வரும். வருசா வருசம் புதுப்பிக்கணும். விட்டுட்டா வேற யாராவது எடுத்துக்கிடுவாங்க" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாருக்கும் புரிந்திருக்காது.

அப்படி வந்தவர்தான் சூசை அண்ணாச்சி. கடற்கரைக் குடும்பம். வள்ளியூரில் படகு எஞ்சின் சாமான், கயிறு, வலை மிதவை விற்கிற கடை வைத்திருந்தார். விண்ணப்பத்தை நிரப்பும்போது, உரிமையாளர் பெயர் யாருடையது என்று கேட்டேன்.

"எங்கப்பா பேருதாம்மா. மிக்கேல்னு போடுங்க. கடை லைசென்ஸு, கரண்டு கனெக்சன் எல்லாம் அவரு பேர்லதான் கெடக்கு."

"பெரியவர் எங்க இருக்காரு?"

"அவரு போய்ச் சேந்து ஏழு வருசமாச்சு. ஆனா அவரு பேர்ல இருந்தாத்தான் நெலைக்கும்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மிக்கேல் என்றே போட்டேன். நம் பக்கத்தில் யார் வீட்டில் இப்படி இல்லை? தாத்தா போய் முப்பது வருடமாகியும் கரண்ட் பில் அவர் பெயருக்குத்தான் வரும். என் வீட்டிலேயே தண்ணீர் வரி ரசீது என் மாமனாருடைய அப்பா பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. செத்தவர் பெயரை எடுத்தால் அவரை இரண்டாம் தரம் வெளியே அனுப்புகிற மாதிரி நமக்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் டொமைன் பதிவிலும் கொண்டுபோய் வைத்தேன். தொழில் தெரிந்தவள் செய்கிற வேலையா இது?

அப்போது நான் பயன்படுத்திய பதிவு நிறுவனம் பெரிய நிறுவனம்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் கேள்வி. விலாசம் சரியா, இந்த மெயில் யாருடையது, உறுதி செய்யுங்கள், கையெழுத்துப் போட்ட தாள் அனுப்புங்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த நேரம் பார்த்து நம் ஊர்க்காரர் ஒருவர் ஏஜென்டாகத் தொழில் தொடங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பேச்சு. போன் அடித்தால் இரண்டாவது மணியில் எடுப்பார்.

"அக்கா, நீங்க பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்" என்றார்.

சொன்ன மாதிரியே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையில் இருந்த அறுபதுக்கு மேற்பட்ட பெயர்களையும் அவர் வழியாக மாற்றிக்கொண்டேன். தொடர்புக்கான மெயில் என்று எல்லாவற்றிலும் அவருடைய மெயிலையே போட்டார். வசதிதானே என்று நானும் விட்டுவிட்டேன். அந்த மனிதர் எதுவும் கேட்காததை நான் நல்ல குணம் என்று நினைத்தேன். என்னிடம் கேட்காதவர், நாளைக்கு வேறொருவன் வந்து "அந்தப் பெயரை என்னிடம் கொடு" என்றாலும் கேட்க மாட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சில வருடம் கழித்து ஓர் ஆடி மாதம், போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவருடைய வெப்சைட்டைத் திறந்தால் வெள்ளையாக இருக்கிறது. குடும்பத்தில் ஏதோ கஷ்டம், ஊரைவிட்டே போய்விட்டார் என்றார்கள். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தேர்ந்தெடுத்தது நான்.

ஏஜென்ட் ஓடிவிட்டால் பெயர் ஓடிவிடாது. ஏஜென்டுக்கு மேலே, பெயரை உண்மையிலேயே பதிவில் வைத்திருக்கிற நிறுவனம் ஒன்று இருக்கும். அது எது என்று தேடிப் பிடித்து, ஒவ்வொரு பெயராக மீட்க உட்கார்ந்தேன். பட்டியல் போட்டேன். ஆஸ்பத்திரி முதலில், அப்புறம் கல்லூரி, பள்ளிக்கூடங்கள், லாட்ஜ்கள். சூசை அண்ணாச்சியின் பெயர் கடைசியில் வந்தது. அவர் கடையை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. மனைவி இறந்தபின் வீட்டையும் விற்றுவிட்டு வள்ளியூரிலேயே இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். மூடின கடைக்கு வெப்சைட் எதற்கு? அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்து, 'தேவையில்லை' என்று எழுதினேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை மூடிய பிறகும் அவர் வருடா வருடம் டிசம்பர் முதல் வாரம் வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து, அக்டோபரில் நான் புதுப்பித்து வைத்த பெயருக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் மறுபடி வருவார். "கடை மெயிலை மட்டும் தெறந்து குடுங்கம்மா" என்பார். மூலைக் கம்ப்யூட்டரில் திறந்துகொடுத்தால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பத்து நிமிடம் பார்ப்பார். போய்விடுவார். "மூடின கடைக்கு யாரு அண்ணாச்சி கடுதாசி போடுதா?" என்று நான் கேலி செய்வேன். "இருக்கட்டும்மா" என்பார். அதற்குமேல் நானும் கேட்டதில்லை.

அந்த டிசம்பரிலும் வந்தார். நான் நல்ல சேதி சொல்கிற மாதிரி, "அண்ணாச்சி, இனிமே இதுக்காக நீங்க அலைய வேண்டாம். அந்தப் பேரை விட்டாச்சு" என்றேன்.

அவர் நின்றபடியே இருந்தார். "விட்டாச்சுன்னா?"

"அக்டோபரோட முடிஞ்சிட்டு. கடைதான் இல்லையே."

"அதுல மெயில் போட்டா?"

"போகாது. போட்டவங்களுக்கே திரும்பி வந்துரும்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பையப் பைய உட்கார்ந்தார். "மாதாவே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் குரலிலேயே, பெரிய பிழை ஏதோ செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்ன பிழை என்று தெரியவில்லை.

பிறகு அவரே சொன்னார். அவருக்கு ஒரு மகன், அருள். கடையைப் பார்க்க மாட்டேன், கப்பலுக்குத்தான் போவேன் என்று நின்றவன். வாக்குவாதம் முற்றி, "இனி என் வாசல்ல கால் வைக்காதலே" என்று இவர் சொல்லிவிட்டார். அவன் வைக்கவில்லை. அம்மா இறந்த சேதிகூட அவனுக்கு எட்டவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸை ஒட்டி, கடை மெயிலுக்கு ஒரு வரி எழுதுவான். 'நல்லா இருக்கேன்.' அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்க்கத்தான் இவர் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நீங்க பதில் எழுதவே இல்லியா அண்ணாச்சி?"

"என்ன எழுத? வாசல்ல கால் வைக்காதன்னு சொன்ன வாயி. என்னத்தைம்மா எழுத?"

"வேற மெயில்ல இருந்து அவருக்கு நாம போட்டுப் பாப்போமே."

"ஒவ்வொரு தடவையும் வேற கப்பலு, வேற விலாசம்."

சென்ற வருடம் வந்த விலாசம் அவர் சட்டைப்பைத் துண்டுத்தாளில் இருந்தது. அதற்கு எழுதினேன், அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பியது. பேஸ்புக்கில் தேடினோம். அருள் என்ற பெயரில் எத்தனை முகங்கள்! ஒன்றும் அவனாக இல்லை.

"வீட்டை வித்தாச்சு. பழைய நம்பரும் இல்லை. அவனுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார். "மெயிலு திரும்பிப் போச்சுன்னா அவன் என்ன நெனப்பான்? ஒண்ணு, அப்பன் செத்துட்டான்னு நெனப்பான். இல்ல, இந்தக் கதவையும் சாத்திட்டான்னு நெனப்பான். அப்புறம் எழுத மாட்டாம்மா. அவன் என்னைய மாதிரி."

பதிவைப் பார்த்தேன். காலம் முடிந்த பெயரை உரிமையாளர் மீட்டுக்கொள்ளக் கொஞ்ச நாள் தவணை உண்டு. அதில் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அதற்கப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவனுக்கு அந்த மகனின் கடிதமும் போய்ச் சேரும்.

பெயரைப் பதிவில் வைத்திருந்த அந்த மேல் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒருவர் பேசினார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு, தமிழில் சொல்கிறேன். எங்கே இருந்து பேசினார் என்று தெரியாது, பெயரும் தெரியாது. நிதானமான குரல். "உரிமையாளர் மிக்கேல் என்று இருக்கிறது. அவருடைய அடையாள அட்டை வேண்டும்" என்றார்.

மிக்கேலின் பழைய வாக்காளர் அட்டையை அண்ணாச்சி பத்திரமாக வைத்திருந்தார். நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அட்டையைப் படம் எடுத்து, 'மிக்கேல் ஆகிய நான்' என்று தொடங்கி ஒரு கடிதம் அடித்து அனுப்பினேன். ஆள் செத்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல காரியத்துக்காகத்தானே? பன்னிரண்டு நாள்தானே இருக்கிறது? இந்த மூன்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் ஒரு காரியத்துக்கு மூன்று சமாதானம் தேவைப்பட்டால் கையை எடுத்துவிடுங்கள் பிள்ளைகளே. நான் எடுக்கவில்லை.

மறுநாள் அதே குரல் போனில் அழைத்தது. "மிக்கேலிடம் பேச வேண்டும். இரண்டே கேள்விதான்."

அண்ணாச்சி எதிரே உட்கார்ந்திருந்தார். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "நான்தான் மிக்கேல்னு மட்டும் சொல்லுங்க. மத்தது நான் சொல்லித் தாரேன்" என்று கிசுகிசுத்தேன்.

போனை வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் "ஹலோ, மிஸ்டர் மிக்கேல்?" என்பது எனக்கே கேட்டது. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"நோ சார். ஃபாதர் டெட் சார். லாங் டைம் டெட். நான் மகன்."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போனை என்னிடம் நீட்டிய அண்ணாச்சி, "மன்னிச்சிருங்கம்மா. எம்மவன் எங்கிட்ட வரணும்னு எங்கப்பாவை உயிரோட இருக்காருன்னு சொல்ல வாய் வரலை" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! நான் என்ன ஜென்மம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

போனில் அந்த மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிதானம் மாறாமல் சொன்னார்: "உங்கள் பேச்சை நம்பி இன்றைக்குக் கொடுத்தால், வேறொருவர் பேச்சை நம்பி நாளைக்கு உங்களிடமிருந்து எடுத்தும் கொடுப்பேன். அப்படி ஓர் இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டுமா? நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். என்ன தாள் வேண்டும் என்று நான் சொல்கிறேன்."

முதலில் எனக்குச் சுறுசுறுவென்று கோபம்தான் வந்தது. அடங்கப் பத்து எண்ணும் நேரம் ஆனது. பிறகு எல்லாம் சொன்னேன். தொழிலில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் என்று எண்ணினால் அந்த முகம் தெரியாத மனிதரைத்தான் முதலில் சொல்வேன். என்னைவிட வயதில் சின்னவராகவும் இருக்கலாம்.

அவர் கேட்டவை இவை: மிக்கேலின் இறப்புச் சான்றிதழ், தகப்பன் பெயரோடு சூசை அண்ணாச்சியின் அடையாள அட்டை, கடையின் பழைய லைசென்ஸ். கடைசியாக ஒன்று கேட்டார். இறந்தவர் பெயரை யார் எழுதினார், ஏன் எழுதினார், போலிக் கடிதம் யார் அனுப்பியது என்று நான் பத்திரத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும்.

கோர்ட் வாசல் டைப்பிஸ்ட் அண்ணாச்சிக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். அவருடைய மகன் கல்யாணப் பத்திரிகையை இன்டர்நெட்டில் போட்டுக்கொடுத்ததே நான்தான். அடித்துக்கொண்டே உரக்க வாசித்தார். "'மேற்படி நபர் உயிருடன் இல்லை என்று தெரிந்தே நான்...' என்ன மேடம், தெரிஞ்சேன்னா போடச் சொல்லுதீங்க? தெரியாமன்னு மாத்திருவோமே. யாரு பாக்கப் போறா?"

"தெரிஞ்சேன்னே போடுங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகம் எரிந்தது.

தாள்கள் போய் ஐந்தாம் நாள் பெயர் திரும்பி வந்தது, இந்த முறை சூசை என்ற உயிரோடு இருக்கிற மனிதரின் பெயரில். மெயில் வேலை செய்ய ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. மெயில் வரவில்லை. புது வருடம் பிறந்தது. வரவில்லை. அண்ணாச்சி தினமும் காலையில் போன் செய்வார். "வந்துட்டாம்மா?" என்பார். "இல்ல அண்ணாச்சி" என்பேன். "சரிம்மா" என்று வைத்துவிடுவார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் இழுத்த அந்த ஒரு கோடு கண்ணுக்குள்ளேயே நின்றது. பொங்கலுக்கு வீட்டில் பானை வைத்தேன், பொங்கினதா என்று பார்க்கக்கூட மனம் இல்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் மெயில் வந்தது. அண்ணாச்சியை வரச் சொன்னேன். மூலைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டு நான் விலகப் போனேன். "நீங்களே வாசிங்கம்மா, எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்கு" என்றார். கண் நிறைந்திருந்தது.

வாசித்தேன். 'அப்பா, இந்தத் தடவை முன்னாலயே, நவம்பர்ல எழுதினேன். திரும்பி வந்துட்டு. கோவத்துல மூடிட்டீங்கன்னு நெனச்சேன். இனிமே எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மனசு கேக்கலை. நல்லா இருக்கேன். அருள்.'

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து, "பதில் எழுதுவோமா அண்ணாச்சி?" என்றேன். வழக்கம்போல, "என்ன எழுத?" என்றார். 'வா'ன்னு எழுதுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வராது என்று எனக்கு இப்போது தெரியும்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "ஏம்மா, இந்தப் பேரை அவன் பேருக்கு மாத்தணும்னா என்ன செய்யணும்?"

"அவரு கையெழுத்து வேணும் அண்ணாச்சி."

"கையெழுத்துன்னா... அவன் இங்கன வரணுமோ?"

தாளைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும், கப்பலில் இருந்தபடியே முடித்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமா அண்ணாச்சி. நேர்ல வந்துதான் ஆகணும். இப்பல்லாம் ரொம்பக் கண்டிப்பு. நீங்கதான் பாத்தீங்களே."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படின்னா எழுதுங்க. அருளு, கடை மெயிலை உம் பேருக்கு மாத்தணும். ஒரு கையெழுத்து போட வேண்டியிருக்கு. லீவு கெடைக்கும்போது வந்துட்டுப் போ. கம்பெனிக்காரன் கண்டிப்பா நேர்ல வரணுங்கான்."

வள்ளியூர் விலாசத்தையும் புது போன் நம்பரையும் கீழே எழுதி அனுப்பினேன்.

ஆகவே, நிறுவனத்தின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். பெயரை ஒப்படைக்கும் முன்னால் போன் போட்டு, "உரிமையாளர் இறந்துவிட்டார், நான் பக்கத்து வீட்டுக்காரன், எனக்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்பவனிடமிருந்து ஓடிவாருங்கள். குடைந்து குடைந்து கேள்வி கேட்டு உங்களைக் கடுப்பேற்றுகிறவன்தான் உங்களுக்கு வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை எழுதுங்கள், அவருடைய சொந்த மெயிலைப் போடுங்கள். வாடிக்கையாளருக்கு எது தேவையில்லை என்று நீங்களாகக் கோடு இழுக்காதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள்.

இந்த விவகாரத்தில் நான் இரண்டு பொய் சொன்னேன். முதலாவதற்குப் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

ஈஸ்டர் கழிந்த வாரம் அருள் வந்தான். அப்பாவும் மகனும் ஒரே பஸ்ஸில் வள்ளியூரிலிருந்து வந்து இறங்கினார்கள். என் மேஜையில் வைத்து அவன் கையெழுத்துப் போட, அண்ணாச்சி தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாளை இன்றுவரை எந்த நிறுவனமும் என்னிடம் கேட்கவில்லை. என் அலமாரியில்தான் இருக்கிறது.